பொடிவது வேறு, மக்குவது வேறு

பாலித்தீன் மக்காமல் கிடப்பதற்கு முதல் காரணம் அதன் மூலக்கூறின் நீளம். ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி அது. அவ்வளவு பெரியதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் உள்ளிழுத்துச் செரிக்க முடியாது. இந்தத் தடையை நீக்குவதாகச் சொல்லி விற்கப்படுபவைதான் 'மக்கவைக்கும்' சேர்மானங்கள்.

இவற்றில் அதிகம் புழங்கியது ஆக்ஸோ வகை. கோபால்ட், மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் உப்புகள் மாஸ்டர்பேட்ச் எனும் செறிவுக் கலவைக் குருணையாக வரும். பாலித்தீன் குருணையோடு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கலந்து, வழக்கமான எந்திரத்திலேயே பை ஊதிவிடலாம். புது எந்திரம் வேண்டாம், செலவும் குறைவு. ஆலைக்காரர்களை இழுத்தது இதுதான். வெயில், வெப்பம், காற்று மூன்றும் சேர்ந்தால் இந்த உப்புகள் ஆக்சிஜனேற்றத்தை முடுக்கிச் சங்கிலியைத் துண்டாக்கும். பை வெளுக்கும், மொரமொரக்கும், பிறகு தொட்டாலே உதிரும்.

காற்றும் வெயிலும் இல்லாத இடத்தில் இந்த வேலை நடப்பதில்லை. ஊரப்பாக்கம் ஏரிக்கரையில் வெயிலில் கிடக்கும் கவர் சில மாதங்களில் நொறுங்கலாம். சேற்றில் புதைந்ததும் மாமல்லபுரம் கடலில் மூழ்கியதும் நொறுங்கா. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. திறந்தவெளியில் 9 மாதங்களில் எல்லாப் பைகளும் துணுக்குகளாயின, சேர்மானம் இல்லாத சாதாரணப் பையும்தான்! மண்ணிலும் கடலிலும் 3 ஆண்டு கிடந்த ஆக்ஸோ பையிலோ கடைச் சாமான் தூக்க முடிந்தது.

நுண்ணுயிர்களை ஈர்க்கும் கரிமப் பொருளைச் சேர்ப்பது இன்னொரு வகை. இரு வகைகளையும் சோதித்த அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வில் (2015), உரக்குழியிலும் மண்ணிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

மக்கியதற்கு அடையாளம் பை கண்ணில் படாமல் போவதல்ல. அதிலுள்ள கார்பன் கரியமில வாயுவாக மாறுவது. உரமாகும் பிளாஸ்டிக்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 17088 கேட்பதும் இந்தக் கணக்கைத்தான். சுமார் 58 டிகிரி வெப்பமுள்ள உரமாக்கும் சூழலில், 6 மாதங்களுக்குள் 90 சதவீதம் மாறியிருக்க வேண்டும். வெறும் துணுக்குகளாவது நுண்பிளாஸ்டிக்கைத்தான் பெருக்கும். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி மறுசுழற்சி செய்பவர்களுக்கும் தொல்லைதான்: இந்த உப்பு கலந்தால் புதுப் பொருளின் உழைப்பும் குறையும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் ஆக்ஸோ பிளாஸ்டிக்கைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் தூக்குப்பைகளுக்குத் தடை, தடிமன் எதுவானாலும். மத்திய அரசின் 2024 மார்ச் விதித்திருத்தம், நுண்பிளாஸ்டிக் மிச்சம் வைக்காமல் மக்குவதையே மக்கும் பிளாஸ்டிக் என்கிறது. விற்பனைக்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் கட்டாயம். கடையில் 'மக்கும் பை' என்று நீட்டினால், பச்சை இலைப் படத்தை நம்பாமல் சான்றிதழ் எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.