ஒரு முறை திருத்தினால் எல்லாப் பக்கங்களும் திருந்த வேண்டும்

இணையதளத்தின் படங்களையும் வடிவமைப்புகளையும் பேணும் முறை

கைத்தறிச் சேலைகளை இணையதளம் வழியாக விற்கும் சிறு வணிகர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய தளத்தில் ஐம்பது பக்கங்கள் உள்ளன. ஒவ்வொரு சேலையின் படத்திற்குக் கீழேயும் வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, கியூஆர் குறியீடு ஆகிய மூன்றும் ஒரே படமாக இடம்பெற்றிருக்கின்றன. முதல் பக்கத்தை அமைத்தபோது அப்படத்தைச் சேர்த்தவர், மற்றப் பக்கங்களுக்கு அதையே நகலெடுத்து ஒட்டிவிட்டார். அப்போது தொழிலில் ஒரு பங்குதாரரும் இருந்தார். கணக்கு அவர் பெயரில் இருந்தது. ஈராண்டுகளுக்குப் பின் பங்குதாரர் விலகுகிறார். வணிகர் தம் பெயரில் புதிய நடப்புக் கணக்கைத் தொடங்கி, புதிய கியூஆர் குறியீட்டைப் பெற்று, தளத்தைத் திருத்துகிறார். ஆனால் நினைவிற்கு வந்த நாற்பத்தாறு பக்கங்களில் மட்டுமே படம் மாறுகிறது. எஞ்சிய நான்கு பக்கங்களின் வழியே வரும் பணம், விலகிச் சென்றவரின் கணக்கிற்கே தொடர்ந்து போய்ச் சேருகிறது. வாடிக்கையாளர் பணம் செலுத்திவிட்டேன் என்கிறார். வணிகர் வரவில்லை என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை.

இது கற்பனையான எடுத்துக்காட்டுதான். ஆயினும் இதில் உள்ள ஆபத்து கற்பனையன்று. வணிகர் எதையுமே மாற்றாத நிலையிலும் அவருடைய விவரங்கள் மாறக்கூடும். 2020 ஏப்ரல் 1 அன்று பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைக்கப்பட்டன. ஐஎஃப்எஸ்சி குறியீடு பதினொரு எழுத்துகளும் எண்களும் கொண்டது. அதன் முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிப்பவை. ஆகவே, இணைந்த வங்கிகளின் கிளைகளுக்குப் பின்னர்ப் புதிய குறியீடுகள் வழங்கப்பட்டன. அக்குறியீட்டைப் பல பக்கங்களில் பதித்து வைத்திருந்த ஒவ்வொருவரும் அத்தனை பக்கங்களையும் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

இந்த அலைச்சலைத் தவிர்க்க இயலும். தளத்தில் மீண்டும் மீண்டும் வரும் பொருள்களான இலச்சினை, கணக்கு விவரம், முகவரி, படங்கள், நிறங்கள் ஆகியவற்றை ஓரிடத்தில் வைத்து எல்லா இடங்களிலும் காட்டும் வசதியைத் தளம் அமைக்கும் மென்பொருள்கள் அளிக்கின்றன. பரவலாகப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளைக் கொண்டு இதனை விளக்குவோம்.

நகலும் சுட்டும்

கோர் பேங்கிங் முறை வருவதற்கு முன், ஒவ்வொரு கிளையும் தன் வாடிக்கையாளரின் கணக்கைத் தன் பேரேட்டிலேயே வைத்திருந்தது. வேறு ஊரிலுள்ள கிளைக்குச் சென்று இருப்புத் தொகையைக் கேட்டால் உடனே சொல்ல இயலாது. இன்று கணக்கு ஒரு மையத்தில் இருக்கிறது. எந்தக் கிளையும், ஏடிஎம் இயந்திரமும், கைப்பேசிச் செயலியும் அந்த ஒன்றையே பார்க்கின்றன. ஒரு கிளையில் முகவரியைத் திருத்தினால், மறுமுறை எந்தக் கிளைக்குச் சென்றாலும் திருத்திய முகவரியே தெரியும்.

இணையதளத்திலும் இவ்விரு முறைகளும் உள்ளன. ஒரு பகுதியை நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினால், அது பழைய பேரேட்டு முறை. ஒவ்வொரு நகலும் தனித்தனியே வாழும்; ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று அறியாது. மாறாக, பக்கத்தில் பொருளை வைக்காமல், ‘அப்பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்ற சுட்டினை மட்டும் வைத்தால், அது மைய முறை. மூலத்தை ஒரு முறை திருத்தினால் போதும். தளத்தைப் பேணுவதில் எழும் பெரும்பாலான குழப்பங்கள், எது நகல், எது சுட்டு என்று அறியாததால் விளைபவையே.

பொது வார்ப்பு

2018 டிசம்பரில் வெளிவந்த 5.0 பதிப்பு முதல், வேர்ட்பிரஸில் ஒரு பக்கம் என்பது ‘பிளாக்’ எனப்படும் துண்டுகளின் தொகுப்பு. ஒரு பத்தி ஒரு துண்டு. ஒரு படம் மற்றொரு துண்டு. சில துண்டுகளைச் சேர்த்துப் பெயரிட்டுச் சேமித்து, வேண்டிய பக்கங்களில் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் ‘ரீயூசபிள் பிளாக்’ என்று வழங்கிய இவ்வசதி, 2023 ஆகஸ்டில் வந்த 6.3 பதிப்பிலிருந்து ‘சிங்க்டு பேட்டர்ன்’ எனப்படுகிறது. நாம் இதனைப் பொது வார்ப்பு என்று அழைப்போம்.

கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, கியூஆர் படம் மூன்றையும் ஒரு பக்கத்தில் அமைத்து, அவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். மூன்று புள்ளிப் பட்டியலில் ‘கிரியேட் பேட்டர்ன்’ என்பதை அழுத்தி, ‘பணம் செலுத்தும் விவரம்’ என்று பெயரிடுங்கள். அங்கே ‘சிங்க்டு’ என்ற தெரிவு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு தெரிவில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. அது இயக்கத்தில் இருந்தால் பொது வார்ப்பு; இல்லையெனில், பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தொடர்பற்ற புதிய நகல் உருவாகும்.

மூன்று எச்சரிக்கைகளை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, ‘டிட்டாச்’ என்ற கட்டளை. ஒரு பக்கத்தில் மட்டும் ஏதோவொரு சொல்லை மாற்ற விரும்பி இதனை அழுத்தினால், அப்பக்கம் மூலத்திலிருந்து துண்டிக்கப்பட்டு நகலாகிவிடும். பிற்காலத் திருத்தங்கள் அதனை எட்டா. 2024 ஜூலையில் வந்த 6.6 பதிப்பு முதல், பொது வார்ப்பில் குறிப்பிட்ட எழுத்தையோ படத்தையோ மட்டும் பக்கத்திற்குப் பக்கம் மாற்றிக்கொள்ளும் ‘ஓவர்ரைட்ஸ்’ வசதி உள்ளது. துண்டிப்பதற்குப் பதிலாக அதனைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, மூல வார்ப்பையே நீக்கிவிட்டால் அதனைச் சுட்டிய எல்லாப் பக்கங்களிலும் அப்பகுதி மறைந்துவிடும். மூன்றாவது, ஓரிடத்தில் திருத்தினால் எங்கும் மாறும் என்பது நன்மைக்கு மட்டும் உரிய விதியன்று. தளத்திற்குள் அத்துமீறி நுழைந்த ஒருவர் அந்த ஒரு வார்ப்பைத் திருத்தினாலும் ஐம்பது பக்கங்களும் மாறும். இதனைப் பின்னர்க் காண்போம்.

கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் படமாக்காமல் எழுத்தாகவே தட்டச்சு செய்வது நல்லது. படத்திலுள்ள நீண்ட எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வாடிக்கையாளர் ஓரிலக்கத்தைத் தவறவிட வாய்ப்புண்டு. எழுத்தாக இருந்தால் அவர் அப்படியே நகலெடுத்துக்கொள்வார். பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் அதனைப் படித்துக்காட்டும்.

ஊடகக் களஞ்சியம்

தளத்தில் ஏற்றும் படங்கள் யாவும் ‘மீடியா லைப்ரரி’ எனும் களஞ்சியத்தில் சேர்கின்றன. இங்கே வேர்ட்பிரஸ் இயல்பாக அளிப்பது வகைவாரியான, மாதவாரியான வடிகட்டலும், தேடலும் மட்டுமே. ஆகவே படத்தின் பெயரே அதற்குரிய முகவரி. கேமரா இட்ட எண்ணையே பெயராகக் கொண்ட நூறு படங்களுள் மயில்நிறச் சேலையைத் தேடுவது கடினம். ஏற்றுவதற்கு முன்பே பொருள், நிறம், ஆண்டு என்ற வரிசையில் பெயரிடுங்கள்.

ஒரே படத்தை இரண்டாம் முறை ஏற்றினால், ‘இது ஏற்கெனவே உள்ளது’ என்று வேர்ட்பிரஸ் தடுப்பதில்லை. பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்து மற்றொன்றாக வைத்துக்கொள்ளும். மேலும், ஒரு படத்தை ஏற்றியவுடன் பல அளவுகளில் சிறு படங்களும் உருவாக்கப்படுகின்றன. 2019 நவம்பரில் வந்த 5.3 பதிப்பு முதல், 2560 பிக்சலை மிஞ்சும் படம் அந்த அளவிற்குச் சுருக்கப்பட்டு, மூலப்படமும் உடன் வைக்கப்படுகிறது. நாம் ஒரு படம் என்று கருதுவது சேமிப்பகத்தில் பல கோப்புகள். மும்முறை ஏற்றினால் இடமும் மும்மடங்கு போகும். எது மூலம் என்ற குழப்பமும் எழும்.

களஞ்சியத்தைத் துப்புரவு செய்ய முனைவோர் ‘அன்அட்டாச்டு’ என்ற வடிகட்டியைக் கண்டு, இவை எங்கும் பயன்படாத படங்கள் என்று எண்ணி நீக்கிவிடுவதுண்டு. அது தவறு. ஒரு படம் எந்தப் பக்கத்தின் வழியாக ஏற்றப்பட்டது என்பதையே அது பெரும்பாலும் காட்டுகிறது. எங்கெல்லாம் பயன்படுகிறது என்பதையன்று. களஞ்சியத்தில் நேரடியாக ஏற்றிய இலச்சினை முகப்புப் பக்கத்திலேயே இருந்தாலும் இப்பட்டியலில் தோன்றலாம். களஞ்சியத்தில் நீக்கப்படும் படம், இயல்பான அமைப்பில், குப்பைத் தொட்டிக்குச் செல்லாமல் நிலையாக அழிந்துபோகும்.

படத்திற்கான விளக்கத்தைக் குறிக்கும் ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ மற்றொரு நுட்பம். களஞ்சியத்தில் அதனைத் திருத்தினால், இனிச் சேர்க்கும் பக்கங்களில்தான் புதிய விளக்கம் வரும். ஏற்கெனவே பக்கத்தில் சேர்த்த படங்களில் பழைய விளக்கமே நிற்கும். படம் சுட்டு; விளக்கமோ நகல்.

கியூஆர் படத்தை மாற்றும்போது புதிய படத்தைப் புதிய பெயரில் ஏற்றி, பொது வார்ப்பில் சேருங்கள். பழைய பெயரிலேயே புதிய படத்தை வைத்தால், முன்பு வந்து சென்ற வாடிக்கையாளரின் உலாவி தன் நினைவகத்திலுள்ள பழைய படத்தையே சிறிது காலம் காட்டக்கூடும். புதிய படம் எல்லாப் பக்கங்களிலும் தெரிவதை உறுதிசெய்த பின், பழைய கியூஆர் படத்தைக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிடுங்கள். எங்கேனும் ஒரு பக்கத்தில் அது ஒளிந்திருந்தால் அவ்விடம் வெறுமையாகத் தோன்றும். வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்பார். பணம் வேறெங்கோ செல்வதைவிட அந்தக் கேள்வி நல்லது.

நிறமும் எழுத்துருவும்

இதே நெறி தோற்றத்திற்கும் பொருந்தும். பிளாக் முறையில் அமைந்த தீம்களில் ‘ஸ்டைல்ஸ்’ என்ற பகுதியில் தளத்தின் நிறங்களையும் எழுத்துருக்களையும் ஒரு முறை வரையறுத்துவிடலாம். பக்கந்தோறும் தனியே நிறம் இடாதீர்கள். மேற்பகுதியும் அடிப்பகுதியும் தனி உறுப்புகளாகச் சேமிக்கப்படுவதால், கடையின் முகவரி மாறினால் அங்கே ஒருமுறை மாற்றினால் போதும். தமிழ் எழுத்துருவிற்கு, திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் வரிகளைப் படமாக்கி ஒட்டும் பழக்கம் இன்று தேவையில்லை.

உரிமையும் சாவியும்

பெரும்பாலோர் தளத்தை வெளியாள் ஒருவரைக் கொண்டே அமைக்கின்றனர். அவ்வாறாயின், படங்களும் இலச்சினையும் சட்டப்படி யாருடையவை என்று அறிந்திருப்பது அவசியம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, நீங்கள் கட்டணம் கொடுத்துக் கேட்டு எடுக்கச் செய்த நிழற்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், நீங்களே. கணினியில் வரைந்து பெற்ற இலச்சினைக்கும் இதே விதி பொருந்தும் என்று கருதிவிட வேண்டாம். வடிவமைப்பாளரிடமிருந்து உரிமை மாற்றத்தைக் கையொப்பத்துடன் எழுத்தில் பெறுங்கள். அதில் காலத்தையும் இடத்தையும் தெளிவாகக் குறியுங்கள். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. அத்துடன், எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத மூலக் கோப்பையும் கேட்டு வாங்கி உங்கள் கணினியில் வையுங்கள்.

அடுத்து, அனுமதி. வேர்ட்பிரஸில் நிர்வாகி, எடிட்டர், ஆத்தர் எனப் படிநிலைகள் உள்ளன. சேலைப் படங்களை ஏற்றும் உதவியாளருக்கு ஆத்தர் நிலை போதும். பிறர் உருவாக்கிய பொது வார்ப்பை அவரால் திருத்த இயலாது. நிர்வாகி நிலை உங்களிடம் இருக்கட்டும். வேலை முடிந்து விலகியவரின் நுழைவை அன்றே நீக்குங்கள்.

காப்புப் பிரதியிலும் கவனம் தேவை. ‘எக்ஸ்போர்ட்’ கட்டளையால் கிடைக்கும் கோப்பில் எழுத்துகள் இருக்கும். படங்கள் இரா, அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். பழைய தளத்தை மூடிவிட்டு அக்கோப்பிலிருந்து படங்களை மீட்க முயன்றால் ஏமாற்றமே எஞ்சும். படக் கோப்புறையையும் தரவுத்தளத்தையும் சேர்த்துப் பிரதி எடுங்கள்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

1. தளத்தின் தேடல் பெட்டியில் உங்கள் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் தேடி, அவை எங்கெங்கு உள்ளன என்று பட்டியலிடுங்கள். படமாக உள்ளவை தேடலில் அகப்படா. அவற்றைப் பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

2. அவற்றை ஒரே பொது வார்ப்பால் மாற்றுங்கள்.

3. இலச்சினை, கியூஆர், முகவரி ஆகிய ஒவ்வொன்றிற்கும் எது மூலம், யார் திருத்தலாம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

4. மாதம் ஒரு முறை, உங்கள் தளத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை உங்கள் கைப்பேசியிலேயே ஸ்கேன் செய்து, திரையில் தோன்றும் பெயர் உங்களுடையதுதானா என்று பாருங்கள்.

கடைசியாகக் கூறியதற்கு ஒரு நிமிடமும் ஆகாது. அந்தப் பெயர் சரியாக இருக்கும் வரை, உங்கள் கடைக்கு வரும் பணம் உங்கள் கணக்கிற்கே வரும்.