மிருதங்க அடிக்கு முன்னால் ஒரு ரீங்காரம்

சி.டி. ஒலியை வடிகட்டும் எண்களை இப்போது வீட்டிலேயே எழுதிக்கொள்ளலாம். எதைத் திருத்துவது என்பதில்தான் குழப்பம்.

பாலக்காடு மணி ஐயருக்கு (1912-1981) மைக் என்றால் ஆகாது. மிருதங்கத்தின் நாதத்தை அது கெடுக்கிறது என்பது அவர் கட்சி. மைக் இல்லாத கச்சேரிக்காக உறுதியாக நின்றவர். அந்தக் கறார்த்தனம் இன்று சி.டி.யில் அவர் வாசிப்பைக் கேட்பவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நடுவே மைக் மட்டுமல்ல; டேப், ஒலியை எண்ணாக்கும் கருவி, எண்ணை மீண்டும் ஒலியாக்கும் கன்வர்ட்டர் என்று ஒரு படையே நிற்கிறது.

படையின் கடைசி ஆளான இந்தக் கன்வர்ட்டரைக் கடையில் வாங்காமல், சிப்பையும் சர்க்யூட் போர்டையும் வரவழைத்துத் தாங்களே பற்றவைத்துக்கொள்ளும் ரசிகர்கள் உலகமெங்கும் உண்டு. அவர்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். சிப்புக்குள் தயாரிப்பாளர் வைத்துத் தரும் டிஜிட்டல் வடிகட்டியை ஒதுக்கிவிட்டு, சொந்தமாக ஒன்றை எழுதி ஏற்றுகிறார்கள்.

வடிகட்டி எதற்கு? சி.டி.யில் ஒலி விநாடிக்கு 44,100 எண்களாகப் பதிவாகிறது. அவற்றை அப்படியே மின் அழுத்தமாக மாற்றினால் அசல் ஒலியோடு அதன் பிம்பங்களும் சேர்ந்தே வெளிவரும். 1,000 ஹெர்ட்ஸ் ஸ்வரத்துக்கு 43,100-லும் 45,100-லும் நிழல்கள். 20,000 ஹெர்ட்ஸுக்கு 24,100-லேயே முதல் நிழல். ஆக, 20,000 வரை எதையும் தொடக் கூடாது, 24,100-ல் எதையும் விடக் கூடாது. நடுவே இருப்பது ஒரு சந்துதான்.

1982-ல் சி.டி. வந்தபோது இதில் இரு கட்சிகள். சோனியின் முதல் பிளேயர் மின்தடை, மின்தேக்கி வகையறாக்களால் ஆன செங்குத்துச் சுவர் போன்ற வடிகட்டியை நம்பியது. ஃபிலிப்ஸ் வேறு வழி பிடித்தது. எண்களுக்கு நடுவே கணக்கிட்டுப் புது எண்களைச் செருகி, வேகத்தை நான்கு மடங்காக, அதாவது 1,76,400 ஆக உயர்த்தியது. நிழல்கள் 1,56,400-க்கு அப்பால் ஓடிவிட, கடைசியில் சாதாரண வடிகட்டியே போதுமானதாயிற்று. ஃபிலிப்ஸ் கட்சிதான் ஜெயித்தது.

செருக வேண்டிய எண்களைக் கணக்கிடுவதுதான் டிஜிட்டல் வடிகட்டியின் வேலை. அந்தப் பெயர் பயமுறுத்துகிறதே தவிர, அது வெறும் ஒரு எண் பட்டியல். வரும் ஒலி எண்களைப் பட்டியலிலுள்ள எண்களால் வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால் விடை ரெடி. பட்டியல் நீள நீள, சந்தில் திரும்பும் லாகவம் கூடும். எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு பெல் ஆய்வகத்தின் ஜேம்ஸ் கைஸர் 1974-ல் ஒரு சூத்திரம் தந்தார். நிழல்களை 100 டெசிபெல் அமுக்க வேண்டும், வேகம் எட்டு மடங்காக வேண்டும் என்றால் அவர் கணக்குப்படி ஏறக்குறைய 550 எண்கள் தேவை. ஒரே தாவலாகத் தாவாமல் இரண்டிரண்டு மடங்காக மூன்று படிகளில் ஏறினால்? முதல் படிக்கு 138, அடுத்ததற்கு 23, கடைசிக்கு 17. மொத்தமே 180-ஐத் தாண்டவில்லை! முதல் படியில் நிழல்கள் விலகிவிடுவதால் அடுத்த படிகளுக்கு அகலமான வீதியே கிடைத்துவிடுகிறது.

இப்படி வேகம் மாற்றும் வடிகட்டிகளின் கணிதத்துக்கு உலகமெங்கும் மாணவர்கள் புரட்டும் புத்தகங்களில் ஒன்றை 1993-ல் எழுதியவர் பி.பி. வைத்தியநாதன். முதல் 'பி' பாலக்காடு. 1954-ல் கல்கத்தாவில் பிறந்து, அங்கேயே படித்து, 1983 முதல் அமெரிக்காவின் கால்டெக்கில் பேராசிரியரானவர். ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து, மீண்டும் சிதறாமல் ஒட்டவைக்கும் வடிகட்டித் தொகுதிகள் அவருடைய தனி ராஜ்யம். 1918-ல் கும்பகோணத்து ராமானுஜன் எழுதிய ஒருவகைக் கூட்டுத் தொடர்களைத் தூசு தட்டி, சமிக்ஞைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுபிடிக்கும் கருவியாக 2014 முதல் அவர் மாற்றியது தனிக் கதை.

மறுபடி சிப்புக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் ஈ.எஸ்.எஸ். நிறுவனம் தயாரித்த ஈ.எஸ்.9018 போன்ற சிப்புகளில் முதல் கட்ட வடிகட்டிக்கு 128 எண்களை வெளியிலிருந்து ஏற்றலாம். ஒரு சின்ன ஆர்டுவினோ போர்டு போதும். ஆனால் இடம் 128, கைஸர் கேட்பதோ 138. அமுக்கத்தை 93 டெசிபெல்லுக்கு இறக்கிக்கொள்ளலாம். அல்லது பார்க்ஸ், மெக்லெலன் என்ற இருவர் 1972-ல் கண்ட வழியைப் பிடிக்கலாம். அவர்கள் முறையில் கேட்கும் பகுதியில் ஆயிரத்தில் ஒரு டெசிபெல் அளவுக்கு மேடு பள்ளத்தைப் பொறுத்துக்கொண்டால் சுமார் 113 எண்களிலேயே 100 டெசிபெல் கிடைக்கிறது. ஆயிரத்தில் ஒரு டெசிபெல்லைக் கேட்கும் காது இன்னும் பிறக்கவில்லை. கணக்குப் போட ஸைலாப், ஆக்டேவ் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. ஐ.ஐ.டி. மும்பையின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் ஸைலாப் பாடங்களைத் தமிழிலும் தந்திருக்கிறது.

சரி, இவ்வளவு பாடு எதற்கு? பெரும்பாலோர் சொல்லும் காரணம் ரீங்காரம். செங்குத்தான வடிகட்டி ஒரு திடீர் ஒலிக்கு முன்னும் பின்னும் அதிரும். பின்னால் அதிர்வது இயற்கை. முன்னால் அதிர்வது விபரீதம்: மிருதங்கத்தில் விரல் விழுவதற்கு முன்பே அதன் சலனம்! மேலே சொன்ன 138 எண் பட்டியலில் இந்த முன்ரீங்காரம் 0.8 மில்லி விநாடி நீளம். இதை ஒழிக்கவென்றே 'மினிமம் ஃபேஸ்' என்ற வகையை எழுதுகிறார்கள். அதில் அடிக்கு முன் அமைதி. பின்னால் ரீங்காரம் நீளும், உச்ச ஸ்தாயியில் காலக் கணக்கும் கொஞ்சம் கோணும். விலை உயர்ந்த கன்வர்ட்டர்களின் விளம்பரங்களும் இந்தப் படத்தைத்தான் காட்டுகின்றன.

படத்தில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அந்த ரீங்காரத்தின் சுருதி 22,000 ஹெர்ட்ஸ் வாக்கில். நாற்பது தாண்டிய காதுக்கு 15,000-ஐ எட்டுவதே பெரும்பாடு. மிருதங்க அடியின் சத்து இருப்பதோ அதற்கு எவ்வளவோ கீழே. வடிகட்டியே வேண்டாம் என்று கழற்றிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரீங்காரம் போகும். கூடவே 20,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல்லும் போகும், நிழல்கள் அத்தனையும் ஆம்ப்ளிஃபையருக்குள் புகும். லாபமா நஷ்டமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உண்மையில் கேட்கக்கூடிய கோளாறு வேறிடத்தில், யாரும் விளம்பரம் செய்யாத இடத்தில் இருக்கிறது. சி.டி. எண்கள் ஒவ்வொன்றும் எல்லைக்குள் இருந்தாலும் நடுவே செருகப்படும் எண் எல்லையைத் தாண்டலாம். 11,025 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் சாம்பிள்கள் அலையின் உச்சிக்கு இருபுறமும் சமதூரத்தில் விழுந்தால், அசல் உச்சி அவற்றைவிட 3 டெசிபெல் உயரத்தில் இருக்கும். எண்கள் ஏற்கெனவே கூரையைத் தொட்டிருந்தால் வடிகட்டி அந்த உச்சியை எங்கே வைக்கும்? வெட்டிவிடும். பழைய கச்சேரிப் பதிவுகளில் கூரைக்குக் கீழே தாராளமாக இடம் விட்டிருப்பார்கள், தொல்லை குறைவு. கூரையை முட்டும்படி இறுக்கிப் பதிவு செய்யும் இன்றைய திரைப்பாடல்களில்தான் இந்த வெட்டு அடிக்கடி விழுகிறது. கரகரப்பு பாட்டில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

வடிகட்டியைச் சொந்தமாக எழுதுபவருக்கு இதற்குப் பரிகாரம் கைக்கெட்டும் தூரத்தில். பட்டியலில் உள்ள அத்தனை எண்களையும் 0.7-ஆல் பெருக்கி ஏற்றினால் 3 டெசிபெல் காலியிடம் கிடைக்கும். 0.5 என்றால் 6 டெசிபெல். ஒலி அந்த அளவுக்குக் குறையும். வால்யூம் குமிழைச் சற்றே திருப்பிக்கொண்டால் முடிந்தது காரியம்.