பரங்கிமலைப் பாறையும் பாதிரியார் கண்ட அணுவும்

மேடவாக்கத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில் இருக்கிறது பரங்கிமலை. ஏசுநாதரின் சீடரான தோமையார் உயிர் நீத்த இடம் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் மலை இது. உச்சியில், போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கட்டிய மாதா கோயில் நிற்கிறது.

அந்தக் கோயிலைத் தாங்கும் பாறையின் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இதே வகைக் கல்லால் ஆனது. அதனால் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் 1893-இல் இப்பெயரைச் சூட்டினார். பாறையின் வயது என்ன தெரியுமா? ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பாறையில் சிர்கான் என்னும் நுண்ணிய படிகங்கள் உள்ளன. அவற்றிலுள்ள யுரேனியம் மிக மெதுவாக ஈயமாக மாறுகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் வேண்டும். சேர்ந்திருக்கும் ஈயத்தை அளந்தால் படிகத்தின் வயது தெரிந்துவிடும்.

ஆனால், 1650-இல் பேராயர் அஷர் என்பவர் பைபிளில் வரும் தலைமுறைகளைக் கணக்கிட்டு, உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-இல் என்றார். அதன்படி உலகின் வயது சுமார் 6,000 ஆண்டுகள்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆறு நாள் படைப்பைக் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வகுப்பில் 1,380 கோடி ஆண்டுக்கால அண்டத்தைப் படிக்கும் மாணவர் என்ன செய்வார்? ஜெபத்துக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று என்று மனத்தை இரண்டாக்கிக்கொள்ள வேண்டுமா?

விரியும் அண்டம்

இந்தக் கேள்வியோடு வாழ்ந்த ஒருவரைப் பார்ப்போம். அவர் ஜார்ஜ் லெமைத்ர. 1894-இல் பெல்ஜியத்தில் பிறந்தவர்; 1923-இல் கத்தோலிக்கப் பாதிரியாரானவர்; லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை ஆராய்ந்து, அண்டம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-இல் எழுதினார். கணக்குச் சரி, ஆனால் பௌதிகம் ஏற்கத்தக்கதல்ல என்று ஐன்ஸ்டைனே முதலில் மறுத்தார். 1929-இல் ஹப்பிள் வெளியிட்ட அளவீடுகளோ, விண்மீன் கூட்டங்கள் தொலைவுக்கு ஏற்ப வேகமாக விலகுவதைக் காட்டின.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ரப்பர் பட்டையை வெட்டி நேராக வைத்து, ஒரு முனையிலிருந்து 1, 2, 3 செ.மீ. தூரங்களில் மைப்புள்ளி இடுங்கள். பட்டையை இரு மடங்காக இழுங்கள். புள்ளிகள் 2, 4, 6 செ.மீ. தூரங்களுக்குப் போய்விடும். முதல் புள்ளி 1 செ.மீ. நகர்ந்த அதே நேரத்தில் மூன்றாம் புள்ளி 3 செ.மீ. நகர்ந்திருக்கிறது அல்லவா? அண்டத்திலும் இப்படித்தான்.

விரிவதைப் பின்னோக்கி நினைத்தால் எல்லாம் ஓரிடத்தில் செறிந்திருக்க வேண்டும். அந்த நிலையை 1931-இல் லெமைத்ர 'ஆதி அணு' என்றார். பிற்காலத்துப் 'பெருவெடிப்பு'க் கொள்கையின் வித்து இதுவே.

போப்பாண்டவருக்கு மாறாக

1951-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், இக்கொள்கை கடவுளின் படைப்புக்குச் சான்று பகர்வதாகப் பேசினார். லெமைத்ர மகிழ்ந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. தம் கொள்கை மதத்தைப் பற்றிய கேள்விகளுக்கு வெளியே நிற்பது, கடவுளை நம்புபவரும் நம்பாதவரும் அதை ஆராயலாம் என்பதே அவர் நிலை.

ஏன் அப்படி? விஞ்ஞானக் கொள்கை புதிய சான்று வந்தால் மாறக்கூடியது. அதன்மேல் நம்பிக்கையைக் கட்டினால், கொள்கை ஆடும்போது நம்பிக்கையும் ஆடும். நம்பிக்கைக்காகச் சான்றை வளைத்தாலோ விஞ்ஞானம் கெடும்.

படைப்பின் ஆறு நாட்கள் நம் சாதாரண நாட்கள் ஆகா என்று புனித அகஸ்டீன் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே கருதினார். அந்த நாட்களைச் சொல்லுக்குச் சொல் அப்படியே கொள்ளும் கிறிஸ்தவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பொருள் பரங்கிமலைப் பாறையோடு ஒத்துப்போகாது. ஆனால் 'இதெல்லாம் ஏன் இருக்கிறது? நான் எப்படி வாழ வேண்டும்?' என்ற கேள்விகளுக்குச் சிர்கான் படிகத்தில் விடை இல்லை.

1965-இல் பென்சியாசும் வில்சனும் ஆதி வெப்பத்தின் எச்சமான கதிர்வீச்சைக் கண்ட செய்தியை அறிவித்தனர். மறு ஆண்டு இறப்பதற்கு முன் லெமைத்ர அதை அறிந்தார். அவருடைய கொள்கைக்கு வலுச் சேர்த்தது அந்த அளவீடு. அவர் அணிந்திருந்த அங்கி அல்ல.