மரத்தூலம் இன்றி மூன்று தளங்கள்: சந்திரகிரி ராஜ மகால் நிலைத்து நிற்பது எப்படி?

நாயுடுபேட்டை: ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில், விஜயநகர அரசர்கள் வாழ்ந்த கல் மாளிகை ஒன்று இன்றும் கூரையுடன் முழுமையாக நிற்கிறது. நாயுடுபேட்டையிலிருந்து திருக்காளத்தி, திருப்பதி வழியாக மேற்கே சென்றால் அடையக்கூடிய சந்திரகிரிக் கோட்டையின் ராஜ மகாலே அது. அதே அரசின் பிற அரண்மனைகளில் பெரும்பாலானவை அடித்தளம் மட்டுமே எஞ்சிய நிலையில், இம்மாளிகை தப்பியதற்கு அதன் கட்டுமான முறையே முதன்மைக் காரணமாகும்.

வரலாற்றுப் பின்னணி

சந்திரகிரியைத் தளமாகக் கொண்டிருந்த சாளுவ நரசிம்மர் 1485இல் விஜயநகர அரியணையைக் கைப்பற்றினார். 1565ஆம் ஆண்டின் தலைக்கோட்டைப் போரில் பேரரசு தோல்வியுற்ற பின், தலைநகர் பெனுகொண்டாவுக்கும், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் வேங்கடபதி ராயர் காலத்தில் சந்திரகிரிக்கும் மாறியது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே சென்னைப்பட்டினத்திற்கான நிலத்தைப் பெற்றபோது, அப்பகுதி இந்த அரச மரபின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

ஹம்பியில் அழிந்தது, இங்கு எஞ்சியது

பழைய தலைநகரான ஹம்பியின் அரச வளாகத்தில் இன்று காணப்படுபவை பெரும்பாலும் வேலைப்பாடு மிக்க கல் மேடைகள் மட்டுமே. அவற்றின் மேல் எழுந்த தூண்களும் தளங்களும் மரத்தால் ஆனவை. தலைக்கோட்டைப் போரை அடுத்து நகரம் சூறையாடப்பட்டபோது அவை தீக்கு இரையாயின. கல்லும் காரையும் கொண்டு எழுப்பப்பட்ட தாமரை மகாலும் யானைக் கொட்டாரமும் தப்பின.

சந்திரகிரி ராஜ மகால் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் ஆன இதன் மூன்று தளங்களையும் தாங்க மரத்தூலம் பயன்படுத்தப்படவில்லை. எனவே தீயும் கரையானும் பற்றுவதற்கு இதன் தளங்களில் எதுவும் இல்லை.

வளைவுகளின் பணி

தூலம் இல்லாமல் தளம் அமைக்க வளைவுகளே வழி. வளைவில் உள்ள ஒவ்வொரு கல்லும் செங்கல்லும் தன் பக்கத்தில் உள்ளதை அழுத்துவதால், மேலிருந்து வரும் பாரம் இரு பக்கங்களுக்கும் பிரிந்து, தடித்த தூண்கள் வழியாகத் தரையை அடைகிறது. பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கவே தூண்களும் சுவர்களும் பருமனாக அமைக்கப்பட்டன.

இவ்வளைவுகள் தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களை நினைவூட்டுபவை. உச்சியில் உள்ள சிறு கோபுரங்களோ கோயில் விமானங்களைப் போன்றவை. போர்க்களத்தில் எதிரிகளாக நின்றவர்களின் கட்டடக் கலையை விஜயநகர அரசர்கள் தங்கள் இல்லத்தில் ஏற்றுக்கொண்டதற்கு இம்மாளிகை சான்றாகும். அருகில் உள்ள ராணி மகால் இரண்டு தளங்களைக் கொண்டது.

சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் ஏன் கூடாது?

நீற்றிய சுண்ணாம்பு காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை ஈர்த்து மெல்ல மெல்லக் கல்லாக இறுகுகிறது. தென்னிந்தியக் கொத்தர்கள் இதனுடன் கடுக்காய், வெல்லம் ஆகியவற்றின் நீரைச் சேர்த்து அரைப்பது வழக்கம். இக்காரையில் நுண்துளைகள் இருப்பதால், சுவருக்குள் புகும் மழைநீர் மீண்டும் ஆவியாக வெளியேறிவிடும். சிமென்ட் பூச்சு அவ்வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே தேங்கும் ஈரமும் உப்பும் செங்கல்லை அரித்துப் பொரியச் செய்கின்றன. பழங்கட்டடங்களைப் பழுதுபார்ப்போர் சுண்ணாம்பையே வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது?

ராஜ மகால் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; அதனுள் அத்துறையின் அருங்காட்சியகம் செயல்படுகிறது. 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டத்தின்படி, குறைந்தது 100 ஆண்டுகள் பழமையும் தேசிய முக்கியத்துவமும் உடைய கட்டடத்தை மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கலாம். அதற்கு முன் ஆட்சேபனை தெரிவிக்க 2 மாத அவகாசம் அளிக்கப்பட வேண்டும்.

2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குத் தடை உள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட முடியும். நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்துவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இவ்விதிகள் கட்டடத்தைக் காக்கின்றன. அதே வேளையில், அருகில் வீடு கட்ட விரும்பும் குடும்பங்களுக்குச் சுமையாகவும் அமைகின்றன.

விவசாயியின் வீடு யார் பொறுப்பு?

நாடு முழுவதும் 3,600க்கும் மேற்பட்ட நினைவுச்சின்னங்கள் மத்திய பாதுகாப்பில் உள்ளன. கோயில்கள், மசூதிகள், கோட்டைகள், கல்லறைகள், தொல்லியல் மேடுகள் ஆகியவை அவற்றில் மிகுதி. கல் சுவரும், மர உத்தரங்களின் மேல் மண் பரப்பிய தட்டைக் கூரையும் கொண்ட ராயலசீமையின் பழைய விவசாய வீடுகள் போன்றவை, "தேசிய முக்கியத்துவம்" என்னும் அளவுகோலுக்குள் எளிதில் வருவதில்லை. மாநில அளவில் ஆந்திரப் பிரதேசத்துக்கு 1960ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உள்ளது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கு அரண்மனைகளைப் போலவே பண்ணை வீடுகளும் பட்டியலிடப்படுகின்றன. உரிமையாளர் தொடர்ந்து அங்கேயே வசிக்கலாம். ஆனால் கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றங்களுக்கு உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல் தேவை.

தீயிலிருந்து ராஜ மகாலைக் காத்தது கல்லும் சுண்ணாம்பும். இடிப்பிலிருந்து இன்று காப்பது சட்டம். மர உத்தரங்களைக் கொண்ட விவசாய வீடுகளுக்கு இவ்விரு காப்பும் இல்லை. கூரை ஒழுகத் தொடங்கும்போது அதைப் பழைய முறையில் செப்பனிடுவதா, இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டுவதா என்னும் முடிவு, அந்தந்தக் குடும்பத்தின் கையிருப்பையும் மண் கூரை வேயத் தெரிந்த கைகள் ஊரில் எஞ்சியிருப்பதையும் பொறுத்தே அமைகிறது.