காலமும் இரட்டையரும்

பொதியமலையில் தோன்றி, பாபநாசத்தருகே அருவியாய் வீழ்ந்து, நெல்லைச் சீமையை வளமுறச் செய்து, புன்னைக்காயலில் கடலோடு கலப்பது தாமிரபரணி. அவ்வாறு மலையிடத்தே விரைந்தும் சமவெளியில் மெல்லவும் செல்லும். காலம் என்னும் ஆறோ எவ்விடத்தும் எவர்க்கும் ஒரே சீராக ஓடுவது என்றே மக்கள் நெடுங்காலம் கருதி வந்தனர். 1905-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் என்னும் அறிஞர் வெளியிட்ட சார்புக் கொள்கை அக்கருத்தை மாற்றிற்று.

இதனை ஒரு கற்பனையால் விளக்கலாம். நெல்லையில் 20 அகவையுடைய இரட்டையர் இருவர் உளர் எனக் கொள்வோம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தன்று, அண்ணன் விண்கலம் ஏறி, 4 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனுக்குப் புறப்படுகிறான். கலத்தின் விரைவு ஒளியின் விரைவில் ஐந்தில் நான்கு பங்கு. விண்மீனை அடைந்ததும் அதே விரைவில் மீள்கிறான். போக 5 ஆண்டு, வர 5 ஆண்டு. அதற்குள் தம்பி பத்துத் தேரோட்டங்களைக் கண்டு 30 அகவை எய்துகிறான். அண்ணனுடைய கடிகாரமோ, செல்ல மூன்றும் மீள மூன்றுமாக 6 ஆண்டுகளையே காட்டும். அண்ணனுக்கு அகவை 26, தம்பியே மூத்தவன்!

இங்கே ஓர் ஐயம் எழும். இயக்கம் சார்புடையதாயின், ‘யான் அசையாதிருந்தேன், புவியன்றோ விலகிச் சென்று மீண்டது! ஆதலின் தம்பியே இளையவனாதல் வேண்டும்’ என அண்ணனும் வழக்கிடலாமே? இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது.

உண்மையில் இருவரும் ஒத்த நிலையினர் அல்லர். பேருந்து சட்டென நிற்குங்கால் அதனுள் இருப்போர் முன்னே சாய்வதுபோல, கலம் திரும்புங்கால் அதன் உந்துதலை அண்ணனே உணர்வான், தம்பி உணரான். மேலும், தொலைவிடத்தில் ‘இப்பொழுது’ நிகழ்வது யாது என்னும் கணக்கு, கணக்கிடுவோனது இயக்கத்தைப் பொறுத்தது. திரும்புமுன் அண்ணன் கணக்கில் நெல்லையில் 1.8 ஆண்டுகளே கழிந்துள்ளன. திரும்பியவுடன் அக்கணக்கு 8.2 ஆண்டுகளாகிறது. இடைப்பட்ட 6.4 ஆண்டுகள் நெல்லையில் ஒரு நொடியில் ஓடிவிடவில்லை; அண்ணனுடைய ‘இப்பொழுது’ மாறியது, அவ்வளவே. மீளும் வழியில் மேலும் 1.8 ஆண்டுகள் கழியவே, மொத்தம் 10 ஆகிறது. இருவர் கணக்கும் ஒன்றுபடுகின்றன, வழக்கும் தீர்கிறது.

இது வெறுங் கற்பனையன்று. மியூவான் என்னும் நுண்துகள் அசையாதிருப்பின், ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் சராசரியாக 2.2 கூறளவே நிலைத்துச் சிதையும். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், ஒளியை நெருங்கிய விரைவில் மியூவான்களை வட்டப்பாதையில் சுற்றவிட்டனர். புறப்பட்ட இடத்திற்கே மீண்டும் மீண்டும் வந்த அவை, ஏறத்தாழ 29 மடங்கு காலம் நிலைத்தன. இம்முடிவு 1977-இல் வெளியாயிற்று.

நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் இராக்கெட்டுப் பொறிகள் சோதிக்கப்படுகின்றன. இராக்கெட்டுகள் எய்தும் விரைவு நொடிக்குச் சில கிலோமீட்டரே. ஒளியின் விரைவோ நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். எனவே இன்று விண்வெளி சென்று மீள்வோர்க்கு விரைவினால் நேரும் வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும், சிறிது என்பது இல்லை என்பதாகாது. கண்ணுக்குப் புலப்படாத அவ்வேறுபாட்டையும் கணக்கினால் முன்னரே கண்டுணர்ந்தது மனித அறிவின் மாண்பாகும்.