திரும்பாமல் பின்னால் பார்க்க

ஒரே ஒரு சக்கரம். அதன் இருபுறமும் கால் வைக்க இரண்டு மிதிகட்டைகள். ஓட்டுபவர் நின்றபடியே, கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார். முன்னால் சாய்ந்தால் வேகம் கூடுகிறது, பின்னால் சாய்ந்தால் குறைகிறது. ஹேண்டில்பாரும் இல்லை, பிரேக் பிடியும் இல்லை. மின்சார ஒற்றைச் சக்கர வண்டியை இப்படி வீடியோக்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஷேன் சென் என்ற கண்டுபிடிப்பாளர் 'சோலோவீல்' என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிறகு இன்மோஷன், கிங்சாங், பிகோட் போன்ற சீன நிறுவனங்கள் இதை இன்னும் வேகமாகவும் பெரிதாகவும் ஆக்கின.

ஹேண்டில்பார் இல்லாத வண்டியில் சைடு மிரரை எங்கே மாட்டுவது? ஓட்டுபவரின் உடம்பில்தான். மணிக்கட்டு, ஹெல்மெட், மூக்குக் கண்ணாடி என்று மூன்று இடங்களில் மாட்டும் சிறு மிரர்கள் கிடைக்கின்றன. இவை எப்படி வேலை செய்கின்றன, எதை வாங்கலாம், நம் ஊர்ப் பக்கம் எப்படிப் பயன்படுத்துவது என்று பார்ப்போம். சைக்கிள் ஓட்டுபவர்களும் படிக்கலாம். முக்கால்வாசி விஷயம் அவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் சட்டம்

எல்லா மின்வண்டியையும் பதிவு செய்யாமல் ஓட்டலாம் என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். அதை அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனம் சரிபார்த்திருக்கவும் வேண்டும். அப்போதுதான் மத்திய மோட்டார் வாகன விதிகள் அந்த வண்டியை மோட்டார் வாகனக் கணக்கிலிருந்து விலக்குகின்றன. ஒற்றைச் சக்கர வண்டிகளில் சிறிய ரகமான இன்மோஷன் வி8-இன் மோட்டாரே 800 வாட், வேகம் 30 கிலோமீட்டர். எனவே தஞ்சாவூர் - கும்பகோணம் சாலையில் இதை இறக்குவதை மறந்துவிடுங்கள். சொந்தத் தென்னந்தோப்பு, நெற்களம், அனுமதி கிடைத்த வளாகம் ஆகியவைதான் இதற்கான இடங்கள். அங்கேயும் பின்னால் டிராக்டர் வரும், பைக் வரும். மிரர் அங்கேயும் வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும்?

சைக்கிளில் திரும்பிப் பார்க்கும்போது ஹேண்டில்பாரைக் கை பிடித்திருப்பதால் வண்டி ஓரளவு நேராகப் போகும். ஒற்றைச் சக்கரத்தில் அந்தப் பிடி இல்லை. தலை திரும்பினால் தோள் திரும்புகிறது, தோளோடு இடுப்பும் பாதமும் திரும்புகின்றன, சக்கரமும் அந்தப் பக்கமே போகிறது. அதாவது எந்தப் பக்கம் வண்டி வருகிறதா என்று பார்க்கிறோமோ, அந்தப் பக்கமே போய் நிற்போம். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடி திரும்பிப் பார்ப்பதற்குள் ஏழு மீட்டர் கடந்திருப்போம். அந்த ஏழு மீட்டரும் முன்னால் பார்க்காமல் போன தூரம்.

வேகத்தைக் குறைக்கும்போது இன்னொரு சிக்கல். உடலைப் பின்னால் சாய்த்துக் குறைக்கிறோம். பின்னால் வருபவருக்கு அது பிரேக் என்று புரியாமல் போகலாம். ஆகவே ஒதுங்குவதற்கு முன்பு மட்டுமல்ல, வேகம் குறைப்பதற்கு முன்பும் ஒரு முறை மிரரைப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை

மணிக்கட்டு மிரர்: வாட்ச் போலப் பட்டையால் கட்டிக்கொள்வது. மலிவானது, எந்த ஹெல்மெட் போட்டாலும் இடைஞ்சல் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கையைத் தூக்க வேண்டும். ஒற்றைச் சக்கரம் ஓட்டுபவர்கள் மணிக்கட்டுக் காப்பு அணிவது அவசியம் என்பதால், அதற்கு மேல் கட்டும் அளவுக்குப் பட்டை நீளமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விழுந்தால் முதலில் தரையில் ஊன்றுவது கைதான். அதனால் உடையும் கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக்கே நல்லது.

ஹெல்மெட் மிரர்: சிறு கம்பியின் நுனியில் இருக்கும். கை சும்மா இருக்கும். தலையைக் கொஞ்சம் அசைத்தால் பின்புறம் முழுவதையும் துழாவிவிடலாம். சைக்கிள் ஹெல்மெட்டில் எளிதாக நிற்கும். முகம் மூடும் பைக் ஹெல்மெட்டில் நிற்காது. அதற்காக ஹெல்மெட்டில் துளை போட்டுவிடாதீர்கள். அடி தாங்கும் மேலோட்டை நாமே பலவீனமாக்கியதாகிவிடும்.

மூக்குக் கண்ணாடி மிரர்: கண்ணாடியின் காதுப் பக்கக் கம்பியில் செருகுவது. மூன்றிலும் சிறியது, கண்ணுக்கு மிக அருகில் இருப்பதும் இதுதான்.

இத்துனூண்டு மிரரில் என்ன தெரிந்துவிடும் என்று தோன்றும். மிரரின் அளவை மட்டும் பார்க்கக் கூடாது, கண்ணுக்கும் அதற்கும் உள்ள தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் 9 சென்டிமீட்டர் தட்டை மிரரை விட, 10 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் 3 சென்டிமீட்டர் மிரர் ஏறக்குறைய இரு மடங்கு அகலமான காட்சியைக் காட்டும். சாவித்துவாரத்தில் கண்ணை ஒட்டி வைத்தால் அறை முழுக்கத் தெரிவது போலத்தான்.

தட்டை மிரரா, குவி மிரரா?

மணிக்கட்டு மிரர்கள் பெரும்பாலும் குவி ஆடிகள். அதிக இடத்தைக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கிக் காட்டும். எங்கோ வருவதாகத் தெரியும் லாரி உண்மையில் பக்கத்தில் வந்திருக்கும். தட்டை ஆடியில் இந்த ஏமாற்று இல்லை.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு. தட்டை ஆடியில் தெரியும் லாரி 100 மீட்டர் தள்ளி இருந்தால், கண்ணும் அந்தத் தூரத்துக்கே குவிகிறது. மிரர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தாலும் படிக்கிற கண்ணாடி தேவைப்படாது. குவி ஆடியில் பிம்பம் ஆடிக்குச் சற்றே பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் உருவாகிறது. வெள்ளெழுத்து உள்ளவர்களுக்கு அது மங்கலாகத் தெரியலாம். அவர்களுக்கு ஹெல்மெட்டிலோ மூக்குக் கண்ணாடியிலோ மாட்டும் தட்டை மிரரே ஏற்றது.

மிரரை உடம்பில் வைத்துக்கொள்வது புதிய யோசனையும் அல்ல. கார்களில் பின்பார்வைக் கண்ணாடி பரவலாவதற்கு முன்பே, 1909-இல் வெளியான தன் நூலில், கார் ஓட்டும் பெண்கள் சிறு கைக்கண்ணாடியை அருகில் வைத்துக்கொண்டு அவ்வப்போது உயர்த்திப் பின்னால் பார்க்கலாம் என்று எழுதினார் பிரிட்டனின் டோரதி லெவிட். 1911 இண்டியானாபொலிஸ் பந்தயத்தை வென்ற ரே ஹாரூன் தன் காரிலேயே மிரர் பொருத்தியிருந்தார். ஆனால் செங்கல் பாவிய தடத்தில் அது ஆடிய ஆட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று பிற்பாடு அவரே சொன்னார். வண்டியில் மாட்டிய மிரர் வண்டியோடு சேர்ந்து குலுங்கும். ஒற்றைச் சக்கரத்தில் மடங்கிய முழங்கால்கள் குலுக்கலைப் பாதியில் வாங்கிக்கொள்வதால், தலையில் மாட்டிய மிரர் அவ்வளவு ஆடாது.

வலது பக்கமே மாட்டுங்கள்

இந்த மிரர்கள் பற்றிய வீடியோக்களில் நிறைய அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே வண்டிகள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. முந்துபவர் இடப்பக்கம் வருவார், ஆகவே மிரரையும் இடப்பக்கம் மாட்டச் சொல்வார்கள். நமக்கு எல்லாம் நேர்மாறு. வலது மணிக்கட்டு, ஹெல்மெட்டின் வலப்புறம், மூக்குக் கண்ணாடியின் வலது கம்பி என்று வையுங்கள். வாங்குவதற்கு முன் வலப்புறம் மாட்டும் வசதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் மிரரைச் சரிசெய்யும்போது அதன் ஓரத்தில் உங்கள் காதோ தோளோ சிறிது தெரியட்டும். எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதற்கு அதுவே அடையாளம்.

கரைச்சாலையில் சைக்கிள்

டெல்டாவில் இந்த மிரர் அதிகம் உதவப்போவது சைக்கிளுக்குத்தான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டிக் கரைகளில் போகும் ஒருவழித் தார்ச்சாலையின் அகலம் பல இடங்களில் 3.75 மீட்டர்தான். விதிப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். மிச்சம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதிலும் ஓரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள்.

நீங்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் போகிறீர்கள்; கொள்முதல் நிலையத்திலிருந்து மூட்டை ஏற்றிய லாரி 50 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டர் தூரத்தில் அதை மிரரில் பார்த்துவிட்டால் உங்களுக்குப் பத்து வினாடி கிடைக்கும். அதற்குள் நீங்கள் 40 மீட்டர் போகலாம். மதகடி, களத்து வாசல், கரை அகலும் இடம் என்று அந்த 40 மீட்டருக்குள் ஒதுங்க ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிரர் தரும் பலன். ஹாரன் காதைப் பிளந்த பிறகு பதறி ஒதுங்கினால் சக்கரம் நெல்லிலோ வைக்கோலிலோ ஏறி வழுக்கும்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டத்தைத் தாண்டும்போதும் இதே முறைதான். அவர்களைத் தாண்ட வலப்பக்கம் விலக வேண்டும். விலகுவதற்கு முன் மிரர், பிறகு கைசாடை, அதற்குப் பிறகே விலகுங்கள்.

மிரர் கைவிடும் நேரங்களும் உண்டு. காலையில் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் வரும்போதும், மாலையில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும்போதும் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், மிரர் முழுக்கக் கூச்சம்தான். மார்கழிப் பனியில் மிரர் மூடிக்கொள்ளும். இரவில் ஹைபீம் விளக்கு மட்டுமே தெரியும், அதன் தூரம் தெரியாது. மூங்கில் புதர் மறைக்கும் வளைவில் எந்த மிரரும் எதையும் காட்டாது. இங்கெல்லாம் வேகத்தைக் குறைத்து, காதை நம்பி, சந்தேகம் வந்தால் இறங்கி நில்லுங்கள். முன்னால் சாலை சுத்தமாகத் தெரியும்போது மட்டும் மிரரைப் பாருங்கள். நடவு காலத்தில் டிராக்டர் சக்கரத்திலிருந்து விழுந்து கிடக்கும் சேற்றுக்கட்டி, வெள்ளை அடிக்காத வேகத்தடை எல்லாம் முன்னால்தான் இருக்கின்றன.

பழகும் முறை

காலியான களத்தில் சுண்ணாம்பால் ஒரு நேர்கோடு போடுங்கள். நண்பரைக் கோட்டின் தொடக்கத்திலேயே, உங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கோட்டின் மேல் மெதுவாகப் போக, அவர் விரல்களை உயர்த்திக் காட்ட வேண்டும். எத்தனை விரல் என்று மிரரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு பார்வையும் ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். முதலில் எண்ணிக்கை தப்பும், அல்லது சக்கரம் கோட்டை விட்டு விலகும். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக வரும் வரை மிரரை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.