கணக்கெழுதும் தொண்டர்கள்

சர்க்காரிடமிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் பார்க்காமலே அலமாரியில் பத்திரப்படுத்தி வைக்கும் மனிதர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு. உறைக்குள்ளே என்ன விபரீதம் இருக்குமோ என்ற பயந்தான் காரணம். வருஷங்கள் ஏற ஏறக் கடிதங்களும் ஏறுகின்றன, பயமும் ஏறுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வருமான வரி இலாகாவுக்குப் பயந்து இவ்விதம் ஒதுங்கி நிற்கும் ஏழைத் தொழிலாளிகள் பலர் விஷயத்தில் ஒரு விந்தை இருக்கிறது. அவர்கள் சர்க்காருக்குப் பணம் தர வேண்டியவர்களே அல்லர். சர்க்கார்தான் அவர்களுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது!

இது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். அந்நாட்டில் இன்றுள்ள வருமான வரி, 1913-ஆம் வருஷத்தில் அரசியல் சட்டத்துக்குச் செய்யப்பட்ட பதினாறாவது திருத்தத்தின் மேல் நிற்பது. ஆரம்பத்தில் அது பணக்காரர்களை மட்டுமே தொட்டது. இரண்டாவது மகா யுத்தத்தின் செலவு தலைக்கு மேல் போனபோது, சாதாரணத் தொழிலாளியும் அந்த வலைக்குள் வந்து சேர்ந்தான். 1943-இல் ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி, சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே முதலாளி வரியைப் பிடித்துக்கொண்டு சர்க்காருக்கு அனுப்பிவிடவேண்டும். இந்த ஏற்பாடு இன்றைக்கும் நடந்து வருகிறது.

பிடித்தம் என்பது உத்தேசக் கணக்கு. வருஷ முடிவில் சரியான கணக்குப் பார்த்தால், பிடித்தது அதிகம் என்று தெரியவரலாம். அதிகப்படியைச் சர்க்கார் திருப்பித் தரும். ஆனால், கேட்டவர்களுக்குத்தான் தரும். கேட்பது என்றால், வருமானக் கணக்கைப் பாரத்தில் எழுதி, சாதாரணமாக ஏப்ரல் 15-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்வது என்று அர்த்தம்.

உதாரணமாக, கோடை விடுமுறையில் ஒரு கடையில் வேலை பார்த்த மாணாக்கன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். 2024-ஆம் வருஷத்தில், 65 வயதுக்குட்பட்ட தனி மனிதருக்குச் சம்பள வருமானம் 14,600 டாலருக்குக் குறைவாக இருந்தால், பெரும்பாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கட்டாயமே இல்லை. "நமக்கு ஏன் இந்த வம்பு?" என்று அவன் சும்மா இருந்துவிடுகிறான். சட்டப்படி அது குற்றமல்ல. ஆனால் அவனுடைய சம்பளத்திலிருந்து பிடித்த வரி அவனுக்குத் திரும்பி வராது.

குடும்பஸ்தர் விஷயத்தில் நஷ்டம் இன்னும் பெரிது. குறைந்த கூலிக்கு உழைப்பவர்களுக்கென்று 1975-இல் ஒரு வரிச் சலுகை ஏற்பட்டது. செலுத்திய வரியைவிடச் சலுகைத் தொகை அதிகமானால், மிச்சத்தையும் ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு 2024-ஆம் வருஷத்து வருமானத்தின் பேரில் இது 7,830 டாலர் வரையில் கிடைக்கக்கூடும். அத்தகைய குடும்பத்துக்கு இது பல மாத வீட்டு வாடகை. அப்படியிருந்தும், தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இதைக் கேட்டுப் பெறுவதில்லை என்று வரி இலாகாவே மதிப்பிட்டிருக்கிறது. மூன்று வருஷத்துக்குள் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால், திரும்ப வேண்டிய பணம் பொதுவாகச் சர்க்கார் கஜானாவுக்கே சொந்தமாகிவிடும்.

ஏன் கேட்பதில்லை? பாரத்தின் பாஷை அப்படி! படித்தவர்களுக்கே தலை சுற்றும். கூலிக்குக் கணக்கெழுதித் தருவோர் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்கள் வாங்கும் கட்டணம் ஏழைக்குப் பெருந்தொகை. அவர்களில் சிலர் தாங்கள் எழுதிய கணக்கில் கையெழுத்தே போடாமல் மறைந்துவிடுவதாக வரி இலாகா வருஷந்தோறும் ஜனங்களை எச்சரித்து வருகிறது. எழுதினவர் யாராயிருந்தாலும், கணக்கில் பொய் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வரி செலுத்துவோர்தான்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி 1969-இல் கலிபோர்னியாவில் பிறந்தது. நார்த்ரிட்ஜ் என்னும் ஊரிலுள்ள கலாசாலையில் கேரி இஸ்கோவிட்ஸ் என்பவர் ஆரம்பித்த முயற்சி அது. கணக்கியல் படிக்கும் மாணாக்கர்கள், தாங்கள் கற்ற வித்தையைக் கொண்டு ஏழைகளுக்கு இலவசமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுத்தார்கள். "வீட்டா" என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தத் தொண்டர் உதவித் திட்டம், வரி இலாகாவின் ஆதரவில் இன்று நாடெங்கும் நடைபெறுகிறது. 60 வயது கடந்தவர்களுக்கென்று இதே மாதிரியான உதவிக்கு 1978-ஆம் வருஷத்துச் சட்டம் வழி செய்தது.

வரிக் காலம் வந்துவிட்டால் பொது நூல்நிலையங்களிலும், பள்ளிக்கூடங்களிலும், சமூக நிலையங்களிலும் மேஜைகளைப் போட்டுத் தொண்டர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். நல்ல மனசு மட்டும் இருந்தால் அங்கே உட்கார முடியாது. வரிச் சட்டத்திலும் நடத்தை விதிகளிலும் பரீட்சை எழுதித் தேற வேண்டும். வருகிறவரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. அந்த மேஜையில் நன்கொடை கேட்பதும் தவறு. வருகிறவர் தம் அடையாளச் சீட்டையும், சமூகப் பாதுகாப்பு அட்டையையும், முதலாளி கொடுத்த சம்பளச் சான்றையும் கொண்டுவர வேண்டும். முதலில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாரை யார் பராமரிக்கிறார்கள் என்று விசாரிக்கிறார்கள். பிறகு கணக்கு எழுதப்படுகிறது. எழுதியதை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்த பிறகே கையெழுத்து.

பல வருஷங்களாகக் கணக்கே தாக்கல் செய்யாதவர்களின் நிலை என்ன? இங்கேதான் தொண்டரின் பொறுமை சோதனைக்கு ஆளாகிறது. பழைய காகிதங்கள் தொலைந்திருக்கும். அதனால் பாதகமில்லை, முதலாளிகள் அனுப்பிய சம்பள விவரத்தின் நகலை வரி இலாகாவிடமே கேட்டுப் பெறலாம். அபராதமோ பாக்கி வரியின் பேரில் விதிக்கப்படுவது. பணம் திரும்ப வர வேண்டியவருக்குத் தாமத அபராதமே கிடையாது. உண்மையாகவே பாக்கி இருந்தாலும், கணக்குத் தாக்கல் செய்யாத குற்றத்துக்கு மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை ஏறும்; பணம் செலுத்தாத குற்றத்துக்கு மாதம் அரை சதவீதந்தான். கையில் பணமில்லை என்று கணக்கையும் கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். தவணை முறையில் கட்டுவதற்கும் ஏற்பாடு உண்டு. ஒருவர் வாயே திறக்காவிட்டால், இலாகாவே அவருக்காக ஒரு கணக்கு எழுதிவிடக்கூடும். அவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய சலுகைகள் எல்லாம் அதில் இடம் பெற்றிருக்குமென்று எதிர்பார்க்க முடியாது.

தொண்டர்களால் எல்லாம் முடிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. பெரிய வியாபாரக் கணக்கையும் சிக்கலான சொத்து விவகாரத்தையும் அவர்கள் தொடமாட்டார்கள். பழைய வருஷத்துக் கணக்குகளை எல்லா நிலையங்களிலும் ஏற்றுக்கொள்வதில்லை. செலுத்த வேண்டிய வரியைத் தள்ளிக் கொடுக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை.

ஆயினும், அந்த மேஜையண்டை நடப்பது வெறும் கூட்டல் கழித்தல் அல்ல. சட்டம் ஏழைக்கு ஓர் உரிமையை அளித்திருக்கலாம். அந்த உரிமையை அடைவதற்குரிய பாஷை அவனுக்குத் தெரியாவிட்டால், அது ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருக்கும். அன்னதானமும் வித்தியாதானமும் புண்ணியம் என்று நம் பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவன் தெரியாதவன் பக்கத்தில் அமர்ந்து, அவனுக்குச் சேர வேண்டிய பணத்தை வரி பிசகாமல் எழுதிக் கொடுப்பதையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா?